பேச்சு நிற்காத வேகம்

ஜூன் 9, ஞாயிறு

இன்று காலை ஏரிக்கரைச் சாலையில் இருந்தவர்கள்: நான், நெட்டை, கோச், பல் டாக்டரம்மா, அவள் கணவர், வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு பேர், தண்ணீர்க் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த வாட்ச்மேன். பாதி வழியில் சேர்ந்துகொண்ட பழுப்பு நாயையும் சேர்த்தால் ஒன்பது. ஒருவர் விடாமல் எழுதுகிறேன். பின்னால் யாராவது ‘நான் அப்படிச் சொல்லவேயில்லை’ என்றால் சாட்சிக்கு ஆள் வேண்டும்.

ஓட்டம் முடிந்து எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது என்னையும் நெட்டையையும் காட்டிக் கோச் சொன்னார்: “இந்த வருஷம் நம்ம குரூப்லேருந்து பெரிய ஓட்டத்துக்கு ரெண்டு பேர் போவாங்க. இந்த ரெண்டு அம்மாவும்தான்.”

பெரிய ஓட்டம் என்பது தூரத்து நகரத்தில் நடப்பது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஆசைப்பட்டவர்கள் எல்லாம் போய் நின்றுவிட முடியாது. அதற்கு முன்னால் வேறொரு மாரத்தானில், உன் வயதுக்கு இவ்வளவு நேரம் என்று வைத்திருக்கிறார்களே, அதற்குள் ஓடிக் காட்டியிருக்க வேண்டும். அறுபது தாண்டிய பெண்களுக்கு ஐந்து மணி நேரம். நவம்பரில் எங்கள் ஊரிலேயே ஒரு மாரத்தான் நடக்கிறது. அதில் காட்டினால் போதும்.

பல் டாக்டரம்மா சிரித்தாள். “அறுபதுக்கு மேல யாரு சார் இதெல்லாம் ஓடப்போறாங்க? பாட்டி, மொதல்ல முட்டியப் பாத்துக்குங்க.”

என்னைப் பாட்டி என்று கூப்பிட வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், நாலு வயது. இவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். இவளை நான் எந்தத் தொட்டிலிலும் போட்டு ஆட்டியதாக நினைவில்லை.

கோச் எங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவர். நானும் நெட்டையும் அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். “ஓடினது, தின்னது, தூங்கினது எல்லாம் எழுதி வைங்கம்மா” என்று சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். யார் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

ஜூன் 12, புதன்

எட்டு கிலோமீட்டர். நல்ல மழை. நெட்டை வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே போனேன். எனக்கு முன்னால் வந்து, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று தொடையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 23, ஞாயிறு

கோச் கையில் கட்டுகிற வாட்ச் ஒன்று கொடுத்துப் பார்த்தார். வேகம் கூடினால் கீச், குறைந்தால் கீச். மாமியார் கூட இப்படிக் கத்தியதில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

“சரி, வாட்ச் வேணாம். பேசிக்கிட்டே ஓட முடியுதா பாருங்க. பேச்சு வந்தா சரியான வேகம். பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தி. அவ்வளவுதான் கணக்கு.”

கரும்பு தின்னக் கூலியா? போகும்போது கொழுந்தனார் கதையை எடுத்தேன். என் கல்யாணத்தன்று நான் இரண்டாம் தரம் சோறு கேட்டதற்கு, “அண்ணி வந்த வேகத்துக்கு நம்ம வீட்டு அரிசி மூட்டை தாங்காது போலிருக்கே” என்றவர். அப்போது அவர் கையில் ஓரம் கிழிந்த விசிறி. சிரித்தவர்கள் நாலு பேர். நாலு முகமும் இன்றைக்கும் தெரியும்.

“இத நேத்தும் சொன்ன” என்றாள் நெட்டை.

“நேத்து விசிறியச் சொல்லல.”

“ஆமா, அது முக்கியம். சொல்லு.”

திரும்பும்போது கோச் சைக்கிளில் பக்கத்தில் வந்தார். “வேகம் ரொம்பச் சரியா இருக்கும்மா. அந்த வளைவுலேயே உங்க சத்தம் கேட்டுச்சு.”

ஜூலை 7, ஞாயிறு

பதினெட்டு கிலோமீட்டர். கதை முடியவில்லை, தூரம் முடிந்துவிட்டது.

நெட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. சலவைக்கூடத்தில் நானும் அவளும் ஜோடி. உருளை இயந்திரத்திலிருந்து விரிப்பு சுடச்சுட வரும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, பின்னால் ஓர் அடி, முன்னால் இரண்டு அடி, அவள் முனை என் கைக்கு, மறுபடி பின்னால். வேலைக்கு வந்த நாளிலிருந்து இதே ஆட்டம். அவள் உயரம், நான் குட்டை. முதல் மாதம் ஒரு விரிப்பும் நேராக மடியவில்லை. பிறகு அவள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கவும் நான் குதிகாலைக் கொஞ்சம் தூக்கவும் பழகிக்கொண்டோம். ஓடும்போதும் எங்கள் நாலு காலும் ஒரே சத்தம்தான் போடும்.

எதற்கு இந்த வயதில் இந்த ஆசை என்று மகள் கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதலாம். அண்ணனுக்கு மத்தியானச் சோறு தூக்கிப்போக ஆள் வேண்டுமென்று ஐந்தாம் வகுப்பில் பரீட்சைக்கு முந்தின வாரம் என்னை நிறுத்தினார்கள். நான் தவறியதும் கிடையாது, தேறியதும் கிடையாது. பரீட்சை அறைக்குள்ளேயே விடவில்லை. ஒருவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்று, நான் முடித்ததைப் பார்த்து, ‘இவள் தேறினாள்’ என்று ஒரு தடவை பட்டியலில் எழுத வேண்டும். அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார். அந்தப் பட்டியலை அவருக்கும் காட்டுவேன்.

ஜூலை 24, புதன்

வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. விழுந்துவிடும் என்கிறார் கோச், ஏதோ பரிசு அறிவிப்பது போல. மகள் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“நகம் கழண்டு விழற அளவுக்கு என்னம்மா ஓட்டம்?”

“உன்னப் பெத்தப்ப இதவிட அதிகமா கழண்டுச்சு. யாராச்சும் கேட்டீங்களா?”

மருமகன் சோபாவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நல்ல பிள்ளை. இதுவரை இவர் பேரில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எங்கள் குடும்பத்தில் இது பெரிய சாதனை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முப்பது! கொழுந்தனார், பிறகு அண்ணன், பிறகு வாடகை வீட்டுக்காரி குளியலறைக்குப் பூட்டுப் போட்ட கதை. கடைசி மூன்று கிலோமீட்டருக்கு என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. நெட்டை பதறினாள். “ஏதாவது சொல்லு. யாரையாவது திட்டு. சும்மா வந்தா என் காலு எனக்குத் தெரியுது.” சலவைக்கூட சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். அவர் இன்னும் எதுவும் செய்யவில்லை. முன்பணமாக இருக்கட்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பல் டாக்டரம்மா நின்றுவிட்டாள். முட்டி வீங்கிவிட்டதாம். கட்டுப் போட்டுக்கொண்டு கார் பக்கத்தில் நின்றாள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். “பனிக்கட்டி வையுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டினேன். விழுங்கியது தொண்டையிலேயே நிற்கிறது. இருந்தாலும் நான் நல்லவள்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

முப்பத்திரண்டில் நெட்டை சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

“என்னால ஆகாது. நீ போ.”

“எழுந்திரு.”

“நீ போடி. நீ குட்டை, உனக்குக் காத்து அடிக்காது. எனக்கு மேல எல்லாம் காத்து.”

இப்படி ஒரு காரணத்தை யார் கேட்டிருக்கிறார்கள்? சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். கையைக் கொடுத்து இழுத்து நிறுத்தினேன். மிச்ச தூரத்தை நடையும் ஓட்டமுமாக முடித்தோம். நான் ஓடுவேன், எனக்குத் தெரியும். அவளையும் ஓட வைப்பேன், அதுவும் தெரியும்.

நவம்பர் 16, சனி

ஷூ, தொப்பி, உரசாமல் இருக்க வாசலின், சட்டையில் குத்தும் எண் அட்டை. எல்லாம் நாற்காலியில். என்னைத் தவிர எல்லாரும் பதற்றமாக இருக்கிறார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

முடித்தேன். ஐந்து மணி நேரத்துக்கு மூன்று நிமிஷம் மிச்சம். எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

விடிவதற்குள் கிளம்பியாகிவிட்டது. இருபது வரை நெட்டையும் நானும் பேசிக்கொண்டே போனோம். பின்னால் வந்த ஓர் இளம்பெண், “ஆன்ட்டி, அப்புறம் அந்த வீட்டுக்காரி பூட்ட எடுத்தாங்களா இல்லையா?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்! முப்பத்தைந்துக்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவள் கால் சத்தம், என் கால் சத்தம். வெயில் ஏறிவிட்டது. என் தொடை மரக்கட்டை. ஆனால் கணக்குச் சரியாக இருந்தது. மேம்பாலத்துக்குக் கீழே இருந்த கடிகாரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தாராளமாக நேரம் இருக்கிறது.

கடைசித் திருப்பத்தில் மருமகன். தோளில் பேத்தி. “அத்தை! அத்தை! ஒரே நிமிஷம், இந்தப் பக்கம்!” பேத்தி இரண்டு கையையும் நீட்டி, “பாட்டீ!”

நின்றேன்.

மருமகன் போனை எடுத்தார். அதில் இடம் இல்லையாம், எதையோ அழித்தார். பிறகு வெயில் கண்ணில் அடிக்கிறதென்று என்னைத் திருப்பி நிறுத்தினார். பிறகு பேத்தி என் தொப்பியைத் தான் போட்டுக்கொண்டால்தான் சிரிப்பேன் என்றாள். நெட்டை என்னைத் தாண்டிப் போகும்போது கத்தினாள்: “ஏய்! இது என்ன கல்யாண வீடா? ஓடுடி!” நான் கையை ஆட்டினேன். மனது நிறைந்திருந்தது, எழுதுவதற்கு என்ன வெட்கம்? நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் நாற்பத்தொன்றரையை முடித்துவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன்.

கோட்டைத் தாண்டியதும் நெட்டை என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கோச் இரண்டு பேர் தலையிலும் தண்ணீரைக் கவிழ்த்தார். “ரெண்டு பேருமே அஞ்சு மணிக்குள்ள! முடிஞ்சது வேலை!”

தேறிவிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

படியில் முன்பக்கமாக இறங்க முடியவில்லை. பின்பக்கமாக இறங்கினேன். பேத்தியும் அப்படியே இறங்குவேன் என்று அடம்.

டிசம்பர் 5, வியாழன்

கோச் மத்தியானம் சலவைக்கூடத்துக்கே வந்தார். அவர் இங்கே வந்ததே கிடையாது. நீராவியில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஐந்து மணிக்குள் முடித்தால் விண்ணப்பிக்கலாம் என்பதுதான் விதியாம். இடம் இத்தனைதான் என்று ஒன்று இருக்கிறதாம். கூட்டம் அதிகமானால் வேகமாக முடித்தவர்களை முதலில் எடுப்பார்களாம். “இத்தன வருஷத்துல அறுபது தாண்டின லேடீஸ் இடம் ஒரு தடவைகூட நிரம்பினதில்லம்மா. அதான் நான் அதப் பத்திப் பேசவே இல்ல. இந்த வருஷம்... நிரம்பிடுச்சு.”

நெட்டைக்கு இடம் கிடைத்துவிட்டது. என்னைவிட மூன்று நிமிஷம் முன்னால். எனக்கு ஒன்றரை நிமிஷத்தில் போய்விட்டது. காத்திருக்கும் வரிசையில் ஒன்பதாவது.

கையில் விரிப்பின் இரண்டு முனை. எதிரில் நெட்டையின் கையில் இரண்டு முனை. அவள் முன்னால் வரவில்லை. நானும் போகவில்லை. இயந்திரம் அடுத்ததைத் துப்பியது, தரையில் விழுந்தது.

அறுபது தாண்டியவர்கள் இத்தனை பேரா ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்? எங்கேடி இருந்தீங்க இத்தன நாளா?

டிசம்பர் 6, வெள்ளி

மூணு நிமிஷம். பல்ல இளிச்சுக்கிட்டு நின்னேனே. போன்ல இடம் இல்லையாம். இடம் இல்லன்னா விட்டுத் தொலைக்கறது. நான் என்ன அங்கேயேவா இருக்கப்போறேன், ஓடிக்கிட்டிருக்கறவள எதுக்கு நிறுத்தணும்? யாராவது பரீட்சை எழுதறவள நடுவுல எழுப்பிப் படம் எடுப்பாங்களா? மறுபடியும் ஒரு சோத்துத் தூக்கு, மறுபடியும் ஒரு ஆம்பளைக்காக—

இல்லை. அது இதோடு சேராது. மருமகன் ராத்திரி சாப்பிடவில்லை. கதவருகே நின்று, “அத்தை, நான் கூப்பிடாம இருந்திருந்தா...” என்றார். “கூப்பிட்டது நீங்க. நின்னது என் காலு. போய்ச் சாப்பிடுங்க” என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. படத்தைப் பெரிதாகப் போட்டு மாட்டவென்று போன மாதமே கடையில் கொடுத்து வைத்திருந்தாராம். நாளைக்கு வருகிறது. வரட்டும். படம் நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

பதினாறு கிலோமீட்டர். நெட்டையிடம் சொன்னேன்: நான் உன்னோடு பயிற்சிக்கு வருவேன். உன் பையை நான் கட்டுவேன். ரயிலடி வரைக்கும் வந்து ஏற்றிவிடுவேன். நீ போய் ஓடிவிட்டு வந்து, ஒவ்வொரு கிலோமீட்டராக எனக்குச் சொல்ல வேண்டும்.

அவள் பேசவில்லை. வேகம் ஜாஸ்தியோ என்று நினைத்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

எழுதக் கூட முடியவில்லை. எழுதுகிறேன்.

எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம். ஒருத்தி லீவு போட்டால் அவளுடைய ஷிப்ட் நேராக அவள் ஜோடிக்குத்தான். யாரையும் கேட்க வேண்டாம், ‘என்னுடையதை என் ஜோடிக்குக் கொடுங்கள்’ என்று சொன்னால் சூப்பர்வைசர் தலையாட்டுவார். வேறு எவளும் குறுக்கே வர மாட்டாள்.

இந்த மகராசி பெரிய ஓட்டக்காரர்களுக்கு அதையே எழுதிவிட்டாள். தன் மகனை விட்டு போனில் அடிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ‘என்னால் வர இயலாது. என் இடத்தை என் ஜோடிக்குக் கொடுத்துவிடவும்.’ கீழே என் பெயர், என் ஓட்ட எண், என் வயது. போன வெள்ளிக்கிழமையே. எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. நேற்றுப் பதில் வந்திருக்கிறது. தெரிவித்ததற்கு நன்றியாம். அவள் இடம் ரத்தாகி, காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போய்விட்டதாம்.

முதல் ஆள்! நான் ஒன்பதாவது!

மடிப்பு மேசையில் வைத்தே கேட்டேன். “யாரக் கேட்டு எழுதின?”

“உனக்கு வரும்னு நெனச்சேன்.”

“எனக்கு எப்படிடி வரும்? அது என்ன ஷிப்டா?”

“உனக்குத்தானே ஆசை. எனக்கென்ன. நீ கூப்பிட்ட, நான் வந்தேன்.”

“நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி வாங்கினியே!”

“நீ பேசிக்கிட்டே வந்த, நான் கேட்டுக்கிட்டே வந்தேன். அங்க போய் நான் யார் பேச்சக் கேக்கறது? தனியா அவ்வளவு தூரம் என் மூச்சையே கேட்டுக்கிட்டு...” மூக்கை விரிப்பில் துடைக்கப் போனாள். ஆஸ்பத்திரி விரிப்பு. பிடுங்கினேன்.

என் வாழ்க்கையில் பரீட்சை எழுதவிடாமல் தடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேறின சீட்டைக் கொண்டுபோய் யாரோ ஊர் பேர் தெரியாதவளிடம் கொடுத்துவிட்டு வந்து மூக்கை உறிஞ்சுகிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

டிசம்பர் 18, புதன்

பேசவில்லை. இருநூறு விரிப்பாவது மடித்திருப்போம். சூப்பர்வைசர் வந்து பார்த்து, “இன்னிக்கு மடிப்பு கத்தி மாதிரி இருக்கே” என்றார்.

டிசம்பர் 22, ஞாயிறு

தனியாகப் போனேன். ஏழு கிலோமீட்டருக்குள் மூச்சு இரைத்தது. பேசவில்லை அல்லவா, வேகம் தெரியவில்லை. பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு ஜோடி ஷூ சத்தம், நான் திரும்பவில்லை. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக. தண்ணீர் குடிக்க நின்றால் அதுவும் நிற்கிறது. வாட்ச்மேன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் ஒரு டம்ளர்தான் இருக்கு” என்றார். நான் பாதி குடித்துவிட்டுச் சுவரில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

இருபத்திரண்டு கிலோமீட்டர். குளிர்ந்த காற்று, நல்ல சாலை, புது நகம் பாதி முளைத்துவிட்டது.

ஏப்ரலில் பக்கத்து ஊரில் ஒரு மாரத்தான் இருக்கிறதாம். அடுத்த வருஷத்துப் பெரிய ஓட்டத்துக்கு அந்த நேரமும் செல்லும் என்று கோச் சொன்னார். “இந்த தடவ அஞ்சு மணி இல்லம்மா. நாலே முக்கால். அப்பத்தான் யாரும் நம்மளத் தொட முடியாது. உங்க பேர எழுதிக்கட்டுமா?”

“ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க” என்றேன். “கிடைக்கற இடம் அவளோடது. அத யாருக்கும் குடுக்கக் கூடாது. அதையும் பக்கத்துல எழுதிக் கையெழுத்து வாங்குங்க.”

“ஏன், நீயே என்கிட்ட சொல்றதுதானே?” என்றாள் பின்னாலிருந்து நெட்டை.

“கோச், அவகிட்ட சொல்லுங்க, நான் அவளோட பேசறதில்லைன்னு.”

பேசாமல் எப்படி ஓடுவது? ஓடும்போது மட்டும் பேசுகிறேன். அது பயிற்சி, கணக்கில் வராது. ஷூவைக் கழற்றியதும் நிறுத்திவிடுவேன். இன்று கொழுந்தனார் கதையை எடுத்தால் அதில் சூடே இல்லை. பாவம், அவருக்கும் எழுபது நெருங்குகிறது. அண்ணனைச் சொல்லிப் பார்த்தேன், நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மருமகன் வரும் ஏப்ரலில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். பல் டாக்டரம்மாவுக்கு முட்டிக்கு எந்தப் பயிற்சி என்று நானே காட்டிக்கொடுத்தேன். இவர்களை எல்லாம் விட்டுவிடலாம். வயதாகிறது, எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது?

ஒருத்தியை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். நாளைக் காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் பார்க்கும்போதும் அதைச் சொல்வேன். நெட்டையை.